மாத்திரையும் வைராக்கியமும்

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜாம்ஷெட்பூரில் தமிழ் அன்பர்களுக்காக மூன்று நாள் ஆன்மிக முகாம் ஒன்று நடைபெற்றது. இரண்டாம் நாள் எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘வைராக்கியம்’. விவேகத்தையும் வைராக்கியத்தையும் பறவையின் இரு சிறகுகளுக்கு ஒப்பிட்டுத் தொடங்குவது வழக்கம். நானும் அவ்வாறே தொடங்கினேன். பேச்சின் வேகத்தில், ‘எதை உங்களால் விட முடியவில்லையோ, அதுவே உங்களுக்கு எஜமானன்’ என்று ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. கேட்டவர்கள் தலையசைத்தார்கள். அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப் போயிற்று; ஆகவே அதை மீண்டும் ஒருமுறை சொன்னேன்.

மாலை ஆரதிக்குப் பின் ஓர் அம்மையார் வந்து வணங்கினார். பணி ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை. எழுபதை நெருங்கும் வயது. “சுவாமிஜி, காபியை விட்டுவிட்டேன். தொலைக்காட்சித் தொடர்களையும் விட்டாயிற்று. ஒன்றை மட்டும் விட முடியவில்லை. பதினோரு வருடமாகத் தினமும் காலையில் வயிற்றுக்கு ஒரு மாத்திரை. இரண்டு நாள் நிறுத்தினால் நெஞ்செல்லாம் எரிகிறது. புளித்த ஏப்பம் தொண்டை வரை வருகிறது. ஆனால் நெடுங்காலம் சாப்பிட்டால் எலும்பு பலவீனமாகும், சிறுநீரகம் கெடும், ஞாபகசக்தி போய்விடும் என்கிறார்கள். சாப்பிடவும் பயமாக இருக்கிறது, விடவும் பயமாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடி பார்த்தால் இந்த மாத்திரைதான் எனக்கு எஜமானனா?” என்று கேட்டார்.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: ‘மருத்துவர் இதை எதற்காகக் கொடுத்தார் அம்மா?’ அதை நான் கேட்கவில்லை. ‘மனம் வைத்தால் எதையும் விடலாம் அம்மா, முயன்று பாருங்கள்’ என்றேன். அவ்வாறு சொன்னபோது, என் ஜோல்னாப் பையின் பக்க அறையில், ஜபமாலையின் அருகில், அதே மாத்திரையின் அட்டை ஒன்று இருந்தது. அன்று காலையிலும் அதிலிருந்து ஒன்றை விழுங்கியிருந்தேன்.

ஐந்து வாரங்கள் கழித்து அவருடைய மகள் தொலைபேசியில் பேசினார். முகாம் முடிந்த மறுநாளே அம்மையார் மாத்திரையை நிறுத்திவிட்டார். எரிச்சலைத் தவமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டார். நான்காம் வாரத்தில் மலம் தார் போலக் கறுத்தது. அதையும் எவரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் விடியற்காலையில் பூஜையறையில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது இரைப்பையில் புண்ணும் அதிலிருந்து இரத்தக் கசிவும் இருப்பது தெரிந்தது. மூன்று யூனிட் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்த அவர் நாள்தோறும் ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தார். மூட்டு வலி மிகும்போது வலி நிவாரணியும் எடுத்துக்கொள்வார். இவை இரண்டுமே இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்தக் கூடியவை. முதியவர்கள் இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஆபத்து இன்னும் அதிகம். மருத்துவர் வயிற்று மாத்திரையை எழுதிக் கொடுத்தது நெஞ்செரிச்சலுக்காக மட்டுமன்று; இரைப்பைக்குக் காவலாகவும்தான். அம்மையாருக்கு அது தெரியாது, அல்லது மறந்துவிட்டிருந்தார். நானோ விசாரிக்கவே இல்லை.

“அம்மா உங்களைக் குறை சொல்லவில்லை சுவாமிஜி. மறுபடியும் மாத்திரை சாப்பிடலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்” என்றார் மகள்.

அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. சிகிச்சை அளித்த மருத்துவர் சொல்லிய பிறகும் அவருக்கு என் அனுமதி தேவைப்பட்டது. ‘உடனே சாப்பிடச் சொல்லுங்கள். நான் சொன்னது தவறு’ என்றேன். ஆனால் என் பேச்சில் எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்று கேட்டிருந்தால், அன்று என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. அவசரத்தில் தவறான ஆலோசனை கொடுத்தது மட்டும்தானா தவறு? அல்லது மேடையில் இருமுறை சொன்ன அந்த வாக்கியமே தவறா?

எட்டு வாரம் ஒன்பது ஆண்டாயிற்று

என் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பு என்பது குனிந்தபடி செய்யும் வேலை. ஹரித்வாருக்கு அருகில் கங்கைக்கரையிலுள்ள எங்கள் ஆசிரமத்தில், மதிய உணவு முடிந்ததும் மேஜையில் கவிழ்ந்து அமர்ந்து, இரவு ஆரதி வரை எழுதுவது என் பழக்கம். 2014-இல் இரவு நேரத்து இருமல் தொடங்கியது. படுத்த சிறிது நேரத்தில் தொண்டையில் புளிப்பு ஏறும். காலைப் பாராயணத்தின்போது குரல் கம்மியிருக்கும். சளி என்றெண்ணி மிளகும் சுக்கும் போட்டுக் கஷாயம் குடித்தேன். எரிகிற இடத்தில் அது எண்ணெய் வார்த்தது.

மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்துவிட்டு விளக்கினார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் ஒரு சுருக்குத் தசை கதவுபோல் இருக்கிறது. அது வேண்டாத வேளையில் தளரும்போது இரைப்பையின் அமிலம் மேலே எதுக்களிக்கிறது. அமிலத்தைத் தாங்குவதற்கான காப்பு இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழாய்க்கு இல்லை. எனக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் லேசான அழற்சி மட்டுமே. பாண்டோபிரசோல் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, எட்டு வாரம். பிறகு வந்து பாருங்கள் என்றார்.

எரிச்சல் நின்றது; நான் திரும்பிப் போகவில்லை. எட்டு வாரம் ஒன்பது ஆண்டாயிற்று. இடையில் 2016-இல் இவ்வகை மாத்திரைகளுக்கும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு பற்றிய செய்தியைப் படித்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு நினைவுதான் மூலதனம். அன்றே மாத்திரையை நிறுத்தினேன். பத்தாம் நாள், நோய் தொடங்கிய காலத்தில்கூட இல்லாத அளவுக்கு எரிந்தது. எவருக்கும் தெரியாமல் மீண்டும் தொடங்கினேன். 2019-இல் மீண்டும் நிறுத்தினேன். மீண்டும் அதே கதை. நான் இதற்கு அடிமையாகிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். ஜாம்ஷெட்பூர் மேடையில் நான் சொன்ன வாக்கியம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட கடுஞ்சொல் என்பது இப்போது புரிகிறது. அதற்கான தண்டனையை அனுபவித்தவர் வேறொருவர்.

தொலைபேசி வந்த மறுவாரமே மருத்துவரிடம் சென்றேன். நான் முதலில் கேட்டது, ‘நான் இதற்கு அடிமைதானே?’ என்பதைத்தான். அவர் பதில் சொல்வதற்குப் பதிலாக, ‘எப்போது சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டார். காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

இரைப்பையின் சுவரிலுள்ள செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்ப்கள் இருக்கின்றன. 1988-இல் ஸ்வீடனில் முதலில் விற்பனைக்கு வந்த ஒமிப்பிரசோலும், அதன் வழியில் பின்னர் வந்த பாண்டோபிரசோல் முதலியனவும், இரத்தத்தின் வழியே சென்று, வேலை செய்துகொண்டிருக்கும் பம்ப்களைப் பற்றி முடக்கிவிடுகின்றன. உணவு வரும்போதுதான் பம்ப்கள் மிகுதியாக விழித்தெழும். ஆகவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை உள்ளே இருக்க வேண்டும். மருந்து சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். ஆனால் முடங்கிய பம்ப் முடங்கியதுதான். உடல் புதிய பம்ப்களை உருவாக்கும் வரை அதன் விளைவு நீடிக்கிறது. ஒன்பது ஆண்டுகள் விடாமல் சாப்பிட்ட மாத்திரையைச் சரியான நேரத்தில் சாப்பிடக்கூட நான் கற்றுக்கொண்டிருக்கவில்லை. அடிமை என்றால் எஜமானனின் நேரமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

மற்றொன்றையும் அவர் சொன்னார். அமிலம் குறைந்திருப்பதை உணர்ந்த உடல், அதைக் கூட்டும்படி ஏவுகின்ற காஸ்ட்ரின் என்னும் சுரப்பை அதிகமாக்குகிறது. மருந்து இருக்கும்வரை அந்த ஏவல் பலிப்பதில்லை. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்தது மொத்தமாக எழும். சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிட மிகுதியாகச் சுரக்கும். 2009-இல் டென்மார்க்கில் இதைச் சோதித்திருக்கிறார்கள். நெஞ்செரிச்சலே இல்லாத, நலமாக இருந்த 120 பேரில் ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் இவ்வகை மருந்தையும், பிறகு நான்கு வாரம் மருந்தில்லாத போலி மாத்திரையையும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு வாரமும் போலி மாத்திரைதான். கடைசி நான்கு வாரங்களில், மருந்து உண்டு நிறுத்தியவர்களில் 100-க்கு 44 பேருக்கு அமிலத் தொந்தரவு ஏற்பட்டது. மற்றவர்களில் 100-க்கு 15 பேருக்கு மட்டுமே.

இதைக் கேட்டதும் நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். பத்தாம் நாள் எரிந்த எரிச்சலிலிருந்து நான் இரண்டு முடிவுகளுக்கு வந்திருந்தேன்: என் நோய் முற்றிவிட்டது, என் மன உறுதி போதவில்லை. இரண்டுமே தவறு. நோயே இல்லாதவருக்கும் அந்த எரிச்சல் வரக்கூடும். அதில் ஒழுக்கக் குறைவு எங்கே இருக்கிறது? உடலின் ஒரு சாதாரண எதிர்வினையைப் பார்த்து நான் என் ஆன்மிக வாழ்வுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஈர விறகின் புகை

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மையாருக்கு இருந்த அச்சமும் 2016-இல் என்னைப் பற்றிய அச்சமும் ஒன்றுதான்.

நியாய சாஸ்திரம் பயில்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. புகை இருக்குமிடத்தில் நெருப்பு உண்டு என்று ஊகிக்கலாம். ஆனால் நெருப்பு இருக்குமிடத்தில் புகை உண்டு என்று ஊகிப்பது பிழை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை எழுவதற்கு ஈர விறகின் சேர்க்கை வேண்டும். கண்ணில் படாமல் இடையில் நிற்கும் இந்த ஈர விறகை ‘உபாதி’ என்பார்கள். இவ்வகை மாத்திரைகளை நெடுங்காலம் உண்டவர்களிடம் எலும்பு முறிவும் சிறுநீரகக் கோளாறும் மறதியும் சற்று மிகுதியாகக் காணப்பட்டன என்று மருத்துவமனைப் பதிவேடுகளையும் காப்பீட்டுக் கணக்குகளையும் புரட்டிச் சொன்ன ஆய்வுகள் பல. ஆனால் அவ்வாறு நெடுங்காலம் மாத்திரை உண்பவர்கள் யார்? பெரும்பாலும் முதியவர்கள், வேறு பல நோய்கள் உடையவர்கள், வேறு பல மருந்துகளும் உண்பவர்கள். அந்த நலிவே ஈர விறகாக இருக்கலாம் அல்லவா?

இதைப் பிரித்தறிய ஒரே வழி, சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. அத்தகைய பெரிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. அதில் கலந்துகொண்ட 17,598 பேரும் அம்மையாரைப் போல இதயம், இரத்தக் குழாய் நோய்களுக்காக ஆஸ்பிரின் முதலிய மருந்துகளை உண்டவர்கள். பாண்டோபிரசோல் உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். எலும்பு முறிவு, சிறுநீரக நோய், மறதி நோய் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. குடல் தொற்று மட்டும் சற்று மிகுதி: மருந்து உண்டவர்களில் 100-க்கு 1.4, மற்றவர்களில் 1.0.

மூன்று ஆண்டு பதினோரு ஆண்டு ஆகாது என்பது உண்மை. நெடுங்காலம் உண்பவர்களில் சிலருக்கு மெக்னீசியமும் வைட்டமின் பி12-உம் குறைவதுண்டு. மெக்னீசியத்தைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இல் எச்சரித்தது. அச்சம் எப்போதும் ஆதாரமற்றது என்றும் கூற இயலாது. முன்பு நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கிய ரானிடிடின் மாத்திரை, அதில் புற்றுநோய் உண்டாக்கக் கூடிய மாசு உருவாகக்கூடும் என்ற காரணத்தால், 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது; நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-இல் நீக்கப்பட்டது. ஆகவே விழிப்பு வேண்டும். ஆனால் விழிப்பு மருத்துவரிடம் கேள்வியாகப் போய் நிற்கும். அச்சம் எவரையும் கேட்காமல் மாத்திரை அட்டையைக் குப்பையில் எறியும். நான் 2016-இல் செய்தது இரண்டாவது.

எதைச் சார்ந்திருப்பது இழிவு?

கல்லூரியில் தத்துவம் பயின்ற நாட்களில் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஹெரோடிகஸ் என்றொரு உடற்பயிற்சி ஆசான். நோயாளியான பின் தன் உடலைப் பேணுவதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டு, பத்தியத்திலிருந்து அணுவளவு பிறழ்ந்தாலும் துன்புற்று, முதுமை வரை சாவோடு போராடியபடியே வாழ்ந்தான். அவனுக்கு எதிராகப் பிளேட்டோ ஒரு தச்சனை நிறுத்துகிறார். தச்சன் மருத்துவரிடம் போய் உடனடியாகக் குணமாக்கும் மருந்தையோ அறுவையையோ கேட்பான். நீண்ட பத்தியத்தைச் சொன்னால், நோயாளியாக இருக்கத் தனக்கு நேரமில்லை என்று எழுந்து வேலைக்குப் போய்விடுவான். பிழைத்தால் பிழைப்பான், இல்லையேல் சாவான். இருபது வயதில் அந்தத் தச்சன் எனக்கு வீரனாகத் தெரிந்தான். துறவிக்கு உகந்த மனநிலை இதுவே என்று எண்ணினேன்.

இப்போது அந்தப் பகுதியைப் படிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. பிளேட்டோ சாடுவது மருந்தையன்று. உடலைச் சுற்றியே வாழ்க்கை முழுவதும் சுழல்வதைத்தான். நாளுக்கு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் பேரக்குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அம்மையார் ஹெரோடிகஸ் அல்லர். அவர் அந்தத் தச்சனுக்கு நெருங்கிய உறவினர். மாத்திரையை விட்ட ஐந்து வாரங்களில்தான் அவர் ஹெரோடிகஸாக இருந்தார்: எரிகிறதா, குறைகிறதா, இன்று வெல்வேனா என்று நாள் முழுவதும் நெஞ்சையே கவனித்துக்கொண்டிருந்தார்.

காந்திஜியின் வாழ்வில் இதற்கு நெருக்கமான ஒரு சோதனை நேர்ந்தது. பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டிருந்த அவர் 1918-இல் வயிற்றுக்கடுப்பால் சாவின் விளிம்பு வரை சென்றார். பால் இல்லாமல் உடலைத் தேற்ற முடியாது என்றார் மருத்துவர். விரதம் எடுத்தபோது உங்கள் மனத்தில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூரிபா கேட்டார். காந்திஜி இணங்கினார். பின்னாளில் தம் சுயசரிதையில், விரதத்தின் சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரைப் பலி கொடுத்துவிட்டதாகவும், வாழும் ஆசை தம்மை வென்றுவிட்டதாகவும் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். ஆனால் ஆட்டுப்பாலை நிறுத்தவில்லை. 1909-இல் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் மருத்துவர்களைக் கடுமையாகச் சாடிய அவரே, 1924-இல் புனேயில் குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கு உடன்பட்டார். இதை முரண்பாடு என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கோ அவர் அதை மறைக்கவில்லை என்பதுதான் பெரிதாகப் படுகிறது. ஆட்டுப்பால் அவருக்கு ஊரறிந்த விஷயம். என் மாத்திரையோ ஜபமாலையின் அருகில் ஒளிந்திருந்தது.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூவகையாகப் பிரிக்கிறது. செய்ய வேண்டியதை மயக்கத்தால் விடுவது ஒரு வகை. உடலுக்குத் துன்பம் வருமே என்ற அச்சத்தால் விடுவது மற்றொரு வகை. இவ்விரண்டையும் பகவான் தியாகமாகவே மதிப்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே பற்றையும் பலனையும் விடுவதுதான் மூன்றாவது. இந்தப் பகுதியை நான் எத்தனையோ முறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன், மொழிபெயர்த்தும் இருக்கிறேன். உடலைக் காப்பது அம்மையாருக்குச் செய்ய வேண்டிய கடமை. அதை அவர் விட்டது மயக்கத்தால். அந்த மயக்கத்தை ஊட்டியவன் நான். 2016-இல் நான் விட்டது அச்சத்தால். இருவரும் மாத்திரையைத்தான் விட்டோம். ‘எனக்கு எதுவும் தேவையில்லை’ என்று இருக்க வேண்டும் என்ற ஆசையை இருவருமே விடவில்லை. மேடையில் நான் சொன்ன வாக்கியத்தின் பிழை இங்கேதான் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை என்னால் விட முடியாது. அது என் எஜமானன் அன்று. விட முடியாமை ஒன்றை மட்டும் வைத்துப் பற்றை அளக்க முடியாது.

அப்படியானால் மாத்திரையை விழுங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாமா? என் விஷயத்தில் அதுவும் இல்லை. ஹரித்வாரில் வாழும் சாதுக்களுக்குப் பண்டாரா பழகிய ஒன்று. யாரேனும் ஓர் அன்பர் சாதுக்கள் அனைவரையும் அழைத்துப் பூரி, கசோரி, காரமான உருளைக்கிழங்குக் கறி, பூந்தி, பாயசம் என்று அன்னமிடுவார். அத்தகைய நாட்களின் முந்திய இரவே நான் ஒரு மாத்திரை கூடுதலாகச் சாப்பிட்டுவிடுவேன். நோய்க்கு மருந்தாக வந்தது, கசோரிக்கு அனுமதிச் சீட்டாக மாறியிருந்தது. கீதை ஆறாம் அத்தியாயம் யோகிக்குச் சொல்லும் அளவான உணவைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் என் நாக்கு மட்டும் வகுப்புக்கு வெளியே நின்றது. பற்று இருந்தது உண்மைதான். அது மாத்திரை அட்டையில் இல்லை, இலையில் இருந்தது.

மருத்துவர் சொன்ன மற்ற வழிகள் எளியவை. உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உணவை முடிப்பது. கட்டிலின் தலைப்பக்கத்தைச் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துவது. இடப்பக்கம் சாய்ந்து படுப்பது. எடை மிகுந்திருந்தால் குறைப்பது. உண்டவுடன் குனிந்து அமராமல் இருப்பது. செங்கல் வைப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. முதலாவதுதான் இயலவில்லை. எங்கள் ஆசிரமத்தில் இரவுப் பந்தி ஒன்பது மணிக்கு. எனக்கு மட்டும் ஆறு மணிக்கு இரண்டு ரொட்டி தனியே வேண்டும் என்று சமையற்கூடத்தில் எப்படிக் கேட்பது? தனிச்சலுகை கேட்பது துறவுக்கு அழகா? இப்படியே ஒரு மாதம் கடத்தினேன்.

எங்கள் ஆசிரமத்துப் பெரிய சுவாமிஜிக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது. நெடுநாளைய நீரிழிவு. பந்தியில் அமர்ந்து, உணவு மந்திரம் சொல்வதற்கு முன், காவி உடையைச் சற்று விலக்கி வயிற்றில் இன்சுலின் ஊசியைத் தாமே போட்டுக்கொள்வார். அக்கம்பக்கத்தில் யார் இருந்தாலும் பேச்சைக்கூட நிறுத்தமாட்டார். அவரிடம் என் தயக்கத்தைச் சொன்னேன். அவர் ஹிந்தியில், “ஒன்பது வருடம் நீ மாத்திரை சாப்பிட்டது யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்குச் சாப்பிட்டால் எல்லோருக்கும் தெரியும். அதுதானே உன் கஷ்டம்?” என்று கேட்டார். பிறகு சமையற்காரரை அழைத்து அவரே சொல்லிவிட்டார்.

மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து, அழற்சி ஆறிவிட்டது என்று உறுதியான பின்னரே மருத்துவர் அளவைக் குறைத்தார். 40 மில்லிகிராம் 20 ஆயிற்று. சில வாரங்கள் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு தேவைப்படும்போது மட்டும். குறைத்த இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் எரிந்தன. இது வரும், போய்விடும் என்று முன்பே அவர் சொல்லியிருந்ததால், அமிலத்தைத் தணிக்கும் திரவ மருந்து ஒன்றுடன் அந்த நாட்கள் கழிந்தன. ஆனால் என் வழி எல்லோருக்கும் வழியன்று. உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்கள், அதன் உட்சுவர் மாறியிருப்பதாக மருத்துவர் கூறியவர்கள், அம்மையாரைப் போல இரத்தக் கசிவு ஆபத்து மிகுந்தவர்கள் ஆகியோர் இம்மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. உணவு விழுங்கும்போது அடைப்பது, காரணமின்றி எடை குறைவது, மலம் கறுப்பது ஆகியவற்றை எவரும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. நெஞ்செரிச்சல் என்று தோன்றுவது சில வேளை இதய வலியாகவும் இருக்கலாம் என்பதை இதய நோயுள்ள அன்பர்கள் மறக்க வேண்டாம்.

2025 பிப்ரவரியில் ஜாம்ஷெட்பூர் சென்றபோது அம்மையாரின் இல்லத்திற்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதாகத்தான் எண்ணம். அவர் அதற்கு இடம் கொடுக்காமல் பூஜையறைக்கு அழைத்துச் சென்றார். விபூதிச் சம்புடத்தின் அருகில் மாத்திரை அட்டை வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தது. “காலையில் குளித்துவிட்டு வந்ததும் முதலில் இதுதான் சுவாமிஜி. அதன்பிறகு அரை மணி எதுவும் சாப்பிடக் கூடாது அல்லவா? அந்த அரை மணியில் ஸ்தோத்திரங்களெல்லாம் முடிந்துவிடுகின்றன. முன்பு அவசரஅவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்” என்றார். வலி நிவாரணியை மருத்துவர் நிறுத்திவிட்டாராம். பி12-க்கு ஆண்டுக்கொருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறாராம்.

நான் என் பையிலிருந்து அட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேர்வுத்தாள் திருத்துபவரைப் போல அதை இருபுறமும் திருப்பிப் படித்தார்.

“உங்களுடையது இருபது. என்னுடையது நாற்பது” என்றார்.

“ஆமாம் அம்மா.”

“முகாமுக்கு வந்தபோதும் இது உங்கள் பையில் இருந்ததா சுவாமிஜி?”

“இருந்தது. அப்போது எனக்கும் நாற்பதுதான்.”

அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்து, “அன்றைக்கே காட்டியிருக்கலாமே” என்றார். மணி பன்னிரண்டு ஆகப் போவதாகவும், காரம் போடாமல் மோர்க்குழம்பு வைத்திருப்பதாகவும் சொல்லிச் சாப்பிட அழைத்தார்.